செமஸ்டர் முடிஞ்சுது, ரியாக்‌ஷன் முடியல: உடைஞ்ச டைல்ஸும் சிமெண்டும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல மூணு வாரம் இடைவெளி விழுந்துருச்சு, மன்னிச்சுக்கோங்க. காரணம் எங்க வீட்டு பாத்ரூம். அம்பத்தூர்ல அப்பா 1998-ல கட்டின வீடு. சுவர்ல ஓதம் ஏறி, டைல்ஸ் ஒவ்வொண்ணா உப்பிக்கிட்டு வெளிய வர ஆரம்பிச்சது. சரி, மொத்தமா உடைச்சு மாத்திடலாம்னு முடிவு பண்ணோம். வேலை நடந்த அத்தனை நாளும் நான் ஆஃபீஸ் மீட்டிங்ல மைக்கை மியூட்லயே வெச்சிருந்தேன். ரெக்கார்டிங் பத்தி யோசிக்கவே முடியல.

உடைச்சு முடிச்சதும் மேஸ்திரி எல்லாத்தையும் பழைய சிமெண்ட் சாக்குல கட்டி வாசல்ல அடுக்கிட்டார். 23 மூட்டை. ஒரே ஒரு பாத்ரூமுக்கு! அப்புறம் என்கிட்ட வந்து கேட்டார்: "தம்பி, இத எங்க கொட்டச் சொல்றீங்க? வண்டிக்காரன்கிட்ட விட்டா ஏதாவது ஏரிக்கரையில சாய்ச்சிட்டுப் போயிருவான்."

அங்கதான் நான் வாயை விட்டேன். "அண்ணே, இத அரைச்சு சிமெண்டுக்குப் பதிலா கொஞ்சம் கலக்கலாம். நான் காலேஜ்ல ப்ராஜெக்டே பண்ணிருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார். "அப்படியா தம்பி? கலந்து போட்டத எத்தன நாள் கழிச்சு உடைச்சுப் பாத்தீங்க?"

என்கிட்ட பதில் இல்ல. "இருங்கண்ணே, ஒரு கால் வருது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். கால் எதுவும் வரல. இந்த எபிசோடு முழுக்கவே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

புது லிசனர்ஸுக்காக: நான் வேலை பாக்கிறது சாஃப்ட்வேர், படிச்சது சிவில். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல நிறைய பேர் கதையும் இதேதான்னு எனக்குத் தெரியும். ஃபைனல் இயர்ல எங்க டீம் எடுத்த தலைப்பு, பீங்கான் கழிவைப் பொடியாக்கி கான்கிரீட்ல சிமெண்டோட ஒரு பகுதிக்குப் பதிலா போடறது. தமிழ்நாட்டுல சிவில் படிச்சவங்களுக்கு இந்தத் தலைப்பு புதுசு இல்ல. ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒரு டீம் இதைப் பண்ணியிருப்பாங்க. அத்தனை பேர் பண்ணியும் அந்தப் பொடி கலந்த ஒரு மூட்டை சிமெண்ட்கூட ஏன் நம்ம தெருக்கடையில கிடைக்கிறதில்லன்னு யாரும் கேக்கிறதில்ல. நானும் கேட்டதில்ல.

முதல்ல, சிமெண்டைக் குறைக்கணும்னு எதுக்கு இவ்வளவு பாடு?

சிமெண்ட் ஆலையில சுண்ணாம்புக்கல்லையும் கொஞ்சம் களிமண்ணையும் சேர்த்து 1450 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு பண்றாங்க. அதுல கிடைக்கிற கரும்பச்சை உருண்டைக்கு கிளிங்கர்னு பேரு. அதை கொஞ்சம் ஜிப்சத்தோட சேர்த்து அரைச்சா சிமெண்ட். அவ்வளவு சூடு பண்ண நிலக்கரி எரியுது, அதுல புகை வருது, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் என்னன்னா, நாளைக்கே அந்தச் சூளையை முழுக்க சூரிய மின்சாரத்துல ஓட்டினாலும் பாதிக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வந்துக்கிட்டேதான் இருக்கும். ஏன்னா அது எரிபொருள்லேருந்து வரல, கல்லுலேருந்தே வருது. சுண்ணாம்புக்கல்ங்கிறது கால்சியம் கார்பனேட். சூடு பண்ணா அதுக்குள்ள பூட்டி வெச்சிருக்கிற கார்பன் டை ஆக்சைடு கழண்டு வெளிய வந்துருது. எரிபொருள், கல் ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கு மேல. பெரும்பாலும் கிளிங்கரே இருக்கிற ஓபிசி சிமெண்ட், 50 கிலோ மூட்டைன்னா ஏறக்குறைய 40 கிலோ வாயு. உலகத்துல மனுஷங்க வெளியேத்துற மொத்த கார்பன் டை ஆக்சைடுல சிமெண்டோட பங்கு சுமார் 7-லேருந்து 8 சதவீதம். உலகத்துல அதிகமா சிமெண்ட் பண்ற நாடு சீனா, ரெண்டாவது நாம.

அதனாலதான் கிளிங்கர் இடத்துல வேற எதையாவது வைக்க முடியுமான்னு உலகமே தேடுது. அந்தத் தேடல் ஒண்ணும் புதுசு இல்ல, சிமெண்டுக்கும் முன்னாடி ஆரம்பிச்சது.

இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்துல பொட்சுவோலின்னு ஒரு ஊர். அங்க கிடைக்கிற எரிமலைச் சாம்பலை சுண்ணாம்போட கலந்தா அது தண்ணிக்கு அடியிலயும் இறுகும்னு ரோமானியர்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அந்த ஊர்ப் பேரை வெச்சுத்தான் இன்னைக்கும் இந்த மாதிரிப் பொருட்களை பொசோலானான்னு சொல்றோம். எரிமலைச் சாம்பல் கிடைக்காத இடத்துல என்ன பண்ணாங்க? உடைஞ்ச ஓடு, பானை, செங்கல் எல்லாத்தையும் இடிச்சு சலிச்சுப் போட்டாங்க. விட்ருவியஸ்னு ஒரு ரோமானியக் கட்டடக்காரர் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதின புத்தகத்துல, ஆத்து மணலோட மூணுல ஒரு பங்கு இடிச்ச பானை ஓடு சேர்த்தா கலவை நல்லா வரும்னு எழுதி வெச்சிருக்கார். எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "புதுமையான முயற்சி"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அதை இப்ப நினைச்சா சிரிப்பா வருது.

ரோம் வரைக்கும் போகணும்னுகூட இல்ல. முல்லைப் பெரியாறு அணை 1887-ல ஆரம்பிச்சு 1895-ல முடிஞ்சது. பென்னிகுயிக் கட்டினது. அதுல இருக்கிற கலவை சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கின்னா சுட்ட செங்கல் மண்ணோட பொடி. பின்னாடி அணையை கான்கிரீட் போட்டு பலப்படுத்தினாங்க, அது வேற கதை. இன்னும் கிட்டத்துல வேணும்னா, பழைய வீட்டு மொட்டை மாடியைப் பாருங்க. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்ச தண்ணியைத் தெளிச்சு, வரிசையா உக்காந்து கட்டையால தட்டித் தட்டிப் போட்ட தளம். அதை நம்ம ஊர்ல "சுருக்கி போடறது"ன்னுதான் சொல்லுவாங்க. எங்க தாத்தா வீட்டு மாடி அப்படிப் போட்டதுதான். வெயில் காலத்துல அதுல வெறுங்கால்ல நடக்கலாம், அவ்வளவா சுடாது.

சரி, உள்ள என்ன நடக்குது? சிமெண்டுல தண்ணி பட்டதும் ரெண்டு விஷயம் உருவாகுது. ஒண்ணு பசை மாதிரி ஒரு பொருள், கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். கான்கிரீட்டோட பலம் முழுக்க அதுலதான் இருக்கு. இன்னொண்ணு கால்சியம் ஹைட்ராக்சைடு. வெத்தலைக்குத் தடவுறோமே, அதே சுண்ணாம்பு. இறுகின சிமெண்ட் பசையில ஐந்துல ஒரு பங்கு அளவுக்கு இந்தச் சுண்ணாம்புதான் இருக்கும். பலத்துக்கு இது பெருசா உதவாது. தண்ணி பட்டா மெதுவா கரைஞ்சு வெளிய வரும், சுவர்ல வெள்ளை வெள்ளையா பூக்கும். நம்ம பாஷையில சொன்னா, ப்ரோக்ராம் ஓடி முடிஞ்சும் மெமரியில சும்மா உக்காந்திருக்கிற குப்பை.

பொசோலானாவோட வேலை அந்தக் குப்பையைப் பிடிச்சு வேலைக்கு வைக்கிறது. அதுல இருக்கிற சிலிக்காவும் அலுமினாவும் அந்தச் சுண்ணாம்போட சேர்ந்து, மறுபடியும் அதே பசையை உண்டாக்கும். கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற நுண்ணிய ஓட்டைகள் அடைபடும், தண்ணியும் உப்பும் உள்ள போறது குறையும். கேக்க அவ்வளவு அழகா இருக்கும். ஒரே சிக்கல், இந்த வேலை மெதுவா நடக்கும். சிமெண்ட் முதல்ல சுண்ணாம்பைக் கக்கணும், அப்புறம்தான் பொசோலானாவுக்கு சாப்பாடு. அதனால முதல் வாரத்துல பொசோலானா போட்ட கான்கிரீட் எப்பவும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். 28 நாள்ல கிட்ட வரும். 56, 90 நாள்ல சில சமயம் தாண்டிக்கூடப் போகும். இந்த நாள் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்தது நான் காலேஜ்ல படிக்காம, இப்ப இந்த எபிசோடுக்காகப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம். எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான்.

களிமண்ணைச் சுட்டா பொசோலானா ஆகும், சரி. ஆனா எவ்வளவு சூட்டுல? கயோலின்னு சொல்ற வெள்ளைக் களிமண்ணை 600-லேருந்து 800 டிகிரியில சுட்டா, அதுக்குள்ள கட்டிப் போட்டிருக்கிற தண்ணி போயிரும், படிக ஒழுங்கு கலைஞ்சு போயிரும். அந்தக் கலைஞ்ச நிலையில அது சுண்ணாம்பைப் பாத்தா பாய்ஞ்சு பிடிக்கும். ஆனா சூட்டை இன்னும் ஏத்தி 1000 டிகிரியைத் தாண்டினா, அணுக்கள் திரும்ப ஒழுங்கா அடுக்கிக்கும், முல்லைட்டுன்னு ஒரு படிகம் உருவாகும். முல்லைட் கெட்டி, நிலையானது, யாரோடயும் சேராது. டைல்ஸ் சுடுறது 1100, 1200 டிகிரியில. மின்சார இன்சுலேட்டர் மாதிரி போர்சலின் சாமான் இன்னும் மேல. அப்ப டைல்ஸ் பொடியில வினை புரியறது எது? சூட்டுல உருகி, படிகமாகாம கண்ணாடியா உறைஞ்ச பகுதி. அது மட்டும்தான். மிச்சம் இருக்கிற முல்லைட்டும் குவார்ட்ஸும் ஏறக்குறைய சும்மா இருக்கும்.

அதாவது, நல்லா வெந்த, தரமான, தண்ணியே குடிக்காத விட்ரிஃபைட் டைல்ஸ், சிமெண்ட் வேலைக்கு வந்தா சோம்பேறி. அரைவேக்காட்டுச் செங்கல் அதைவிடச் சுறுசுறுப்பு. சுர்க்கிக்கு மிதமா வெந்த செங்கலை நம்ம ஆளுங்க எடுத்ததுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. டைல்ஸ்லயும் வித்தியாசம் உண்டு. பாத்ரூம் சுவர் டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி மேஸ்திரி அதைத் தண்ணித் தொட்டியில ஊறப் போடுவார், பாத்திருக்கீங்களா? அந்த டைல்ஸ் தண்ணியை உறிஞ்சும். உள்ள அவ்வளவு நுண்துளை. அதனால அரைக்கிறதும் கொஞ்சம் சுலபம். தரைக்குப் போடற விட்ரிஃபைட் அப்படி உறிஞ்சாது, அரைக்கவும் விடாது.

இப்ப எங்க ப்ராஜெக்ட்.

டீம்ல நாலு பேர். ஒருத்தன் ஊர் விருத்தாசலம். அங்க பீங்கான் தொழில் இருக்கிறது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். பொம்மை, ஃபியூஸ் கேரியர், இந்த மாதிரி நிறைய சின்னச் சின்ன பட்டறைகள். சூளையில சுடும்போது விரிசல் விட்டது, கோணினது எல்லாம் ஓரமா குவிஞ்சு கிடக்கும். சுடாத மண்ணா இருந்தா தண்ணியில கரைச்சுத் திரும்ப உபயோகிச்சிடலாம். சுட்ட பிறகு அது கல். அவன் பஸ்ல ரெண்டு சாக்கு ஃபியூஸ் கேரியரைக் கொண்டு வந்தான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டது தவிர அந்தக் கச்சாப்பொருளுக்கு எங்களுக்குச் செலவே இல்ல. "ஃப்ரீ மெட்டீரியல்டா"ன்னு அன்னைக்கு ரொம்ப சந்தோஷப்பட்டோம்.

கணக்கு ரொம்ப சின்னது. 0, 10, 20, 30 சதவீதம்னு நாலு கலவை. ஒவ்வொண்ணுலயும் 7 நாளுக்கு மூணு க்யூப், 28 நாளுக்கு மூணு க்யூப். மொத்தம் 24. ஒரு க்யூப்ல சிமெண்ட் ஒண்ணேகால் கிலோவுக்குக் கிட்ட. அதுல எங்க பங்கு பொடி எல்லாத்தையும் கூட்டினா நாலரை கிலோ, சிந்தினது சிதறினதோட அஞ்சு கிலோ. அஞ்சு கிலோதானேன்னு நினைச்சோம்.

சுத்தியலால உடைச்சோம். அப்புறம் லேப்ல இருந்த லாஸ் ஏஞ்சலஸ் மெஷின்ல போட்டோம். ஜல்லி எவ்வளவு தேயுதுன்னு பாக்கிற மெஷின் அது. பெரிய இரும்பு டிரம், உள்ள இரும்பு உருண்டைகள், சுத்தும். சத்தம்னா சத்தம், பக்கத்து பில்டிங் கிளாஸ்லேருந்து ஆள் அனுப்பி நிறுத்தச் சொன்னாங்க. ஒரு தடவை ஓட்டி 90 மைக்ரான் சல்லடையில சலிச்சா, கைப்பிடி அளவுதான் கீழ இறங்கும். மிச்சத்தைத் திரும்பப் போட்டு ஓட்டணும். சிமெண்ட் அளவுக்கு நைஸா இல்லன்னா அது மணல்தான், பொசோலானா இல்ல. அந்த அஞ்சு கிலோவுக்கு எங்களுக்குப் பல வாரச் சாயங்காலங்கள் போச்சு. மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு அந்தத் தூசியில நின்னோம். இதை நான் இங்க அழுத்திச் சொல்லியே ஆகணும். பீங்கான் தூள்ல குவார்ட்ஸ் இருக்கு. அந்த நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது. சிலிக்கோசிஸ்னு அதுக்கு ஒரு நோயே இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள் பட்டியல்ல வெச்சிருக்கு. கர்ச்சீப் அதுக்குப் பத்தாது. யாராவது இப்ப இந்த ப்ராஜெக்டைப் பண்ணிக்கிட்டிருந்தா, தயவுசெஞ்சு சரியான மாஸ்க் வாங்குங்க.

பொடி ரெடியாகி க்யூப் வார்க்கும்போது செமஸ்டரே கடைசிக்கு வந்துருச்சு. 7 நாள் டெஸ்ட் மட்டும் பண்ணோம். 12 க்யூப் உடைச்சோம். எதிர்பார்த்த மாதிரியே, பொடி கூடக் கூட பலம் குறைஞ்சது. 10 கொஞ்சம் கம்மி, 20 அதைவிடக் கம்மி, 30 ரொம்பக் கம்மி. இப்ப எனக்குத் தெரியும், அது தோல்வி இல்ல, 7 நாள்ல அது அப்படித்தான் இருக்கும். அன்னைக்கு எங்களுக்கு வயித்தைக் கலக்கிருச்சு. வைவா எப்பன்னு பாத்தா, க்யூப் வார்த்த 19-வது நாள்.

28 நாள் ரிசல்ட் இல்லாம ரிப்போர்ட் குடுக்க முடியாது. அதனால நாங்களே எழுதினோம். 7 நாள் பலம் 28 நாள் பலத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இருக்கும்னு சிவில்காரங்க எல்லாருக்கும் மனப்பாடம். அதை வெச்சு எக்செல்ல ஒரு ஃபார்முலா. அது போட்டும் 20 சதவீதம் கீழதான் இருந்துச்சு. ஜர்னல்ல படிச்சதுல 20 நல்லா வந்ததா ஞாபகம். அதனால அந்த கட்டத்தை மட்டும் கையால ஏத்தினோம். கிராஃப்ல 20-ல அழகா ஒரு மேடு வந்துச்சு. எழுதினது நான்தான், இன்னொருத்தர் மேல போட மாட்டேன். வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் கிராஃபைப் பாத்துட்டு "நல்லா வந்திருக்கே"ன்னார். நல்ல மார்க். கையில ஏற்கெனவே ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டர். மிச்ச 12 க்யூபும் தொட்டித் தண்ணிக்குள்ளயே கிடந்துச்சு, நாங்க ஊருக்குப் போயிட்டோம்.

அது வெறும் காலேஜ் தில்லுமுல்லு, இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டேன். ஆனா அந்த ரிப்போர்ட் லைப்ரரியில இருக்கு. அடுத்த பேட்ச் அதைப் பாத்து எழுதும், எங்க கிராஃப் அவங்க கிராஃப் ஆகும். ஒரு வீட்டு லிண்டல்லயோ தூண்லயோ இதை யாராவது நம்பிப் போட்டா? பொய்யான எண் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட வலிக்கிறது, உண்மையான எண் தொட்டிக்குள்ளயே இருந்துச்சு. ஒன்பது நாள் கழிச்சு ஒருத்தர் போய் உடைச்சிருந்தா போதும்.

சரி, ஒழுங்கா உடைச்சுப் பாத்தவங்க என்ன கண்டுபிடிச்சாங்க? 2000-ல துருக்கியில அய், உனால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டைல்ஸ் கழிவை சிமெண்டோட சேர்த்துப் பாத்து, எடையில 35 சதவீதம் வரைக்கும் சேர்க்கலாம்னு சொன்னாங்க. 2010-ல போர்ச்சுகல்ல பச்செகோ-தொர்கல், ஜலாலி ரெண்டு பேரும் 20 சதவீதம் சிமெண்டை எடுத்துட்டு பீங்கான் பொடி போட்டாங்க. பலம் கொஞ்சம் குறைஞ்சது, ஆனா நீடிச்சு உழைக்கிற தன்மை கூடினது. கவனிங்க, பலம் கூடினதுன்னு அவங்க சொல்லல. நான் எக்செல்ல வரைஞ்ச மேடு அங்க இல்ல. அவங்க நேர்மையா "கொஞ்சம் குறையுது, ஆனா உப்பும் தண்ணியும் உள்ள போறது கம்மி"ன்னு எழுதினாங்க. கடலோர ஊர்ல கட்டடம் கட்டுறவங்களுக்கு அது பலத்தைவிட முக்கியம். கம்பி துருப்பிடிக்கிறதே உப்பாலதானே.

தமிழ்நாட்டுலயும் ஒரு முக்கியமான வேலை நடந்திருக்கு. 2005-ல செந்தாமரை, தேவதாஸ் மனோகரன் ரெண்டு பேரும் பீங்கான் இன்சுலேட்டர் கழிவைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அவங்க அதைப் பொடியாக்கவே இல்ல. உடைச்சு, கருங்கல் ஜல்லிக்குப் பதிலா போட்டாங்க. எங்க டீம் ஃபியூஸ் கேரியரை வெச்சுக்கிட்டு பட்ட பாட்டை நினைக்கும்போது, அந்த முடிவுல இருக்கிற புத்திசாலித்தனம் இப்பதான் உறைக்குது. கெட்டியா இருக்கிறதுதான் அந்தப் பொருளோட குணம்னா, கெட்டியா இருக்க வேண்டிய இடத்துல அதைப் போடுங்க. எதுக்கு அதோட மல்லுக்கட்டணும்?

ஏன் கடையில பீங்கான் சிமெண்ட் இல்லங்கிறதுக்கும் பதில் இங்கதான் இருக்கு. வேதியியல் தோத்துப் போகல. போட்டி பலமா இருக்கு. விருத்தாசலத்துலேருந்து வண்டியில கிளம்பினா ஒரு மணி நேரத்துக்குள்ள நெய்வேலி. அங்க அனல் மின் நிலையம். சாம்பல் ஏற்கெனவே மாவு மாதிரி வருது. அரைக்கவே வேணாம். இந்தியா முழுக்க இந்த மாதிரி சாம்பல் வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல. நீங்க கடையில வாங்குற பிபிசி சிமெண்ட்ல 15-லேருந்து 35 சதவீதம் வரைக்கும் சாம்பல் சேர்க்க இந்திய தர நிர்ணயம் அனுமதிக்குது. இப்படி ஒரு பொருள் ஒரே இடத்துல, ஒரே தரத்துல, மலையா குவிஞ்சு கிடக்கும்போது, ஊர் ஊரா போய் உடைஞ்ச கோப்பையைப் பொறுக்கி, கழுவி, மின்சாரம் செலவு பண்ணி அரைக்க எந்த ஆலை வரும்?

ஆனா நிலக்கரி குறையக் குறைய இந்தச் சாம்பலும் குறையும். அன்னைக்கு என்ன பண்றதுன்னு இப்பவே யோசிக்கிறாங்க. அதுல முன்னால நிக்கிறது எல்சி3ன்னு ஒரு சிமெண்ட். சுவிட்சர்லாந்து, கியூபா ஆராய்ச்சியாளர்களோட நம்ம சென்னை ஐஐடி, டெல்லி ஐஐடி, மும்பை ஐஐடி எல்லாம் சேர்ந்து பண்ணின வேலை. கிளிங்கர் பாதி, மிதமா சுட்ட களிமண் 30 சதவீதம், சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. 2023-ல இதுக்குத் தனியா இந்தியத் தரக் குறியீடும் வந்துருச்சு. இதுல களிமண்ணை வேணும்னே 800 டிகிரிகிட்ட நிறுத்துறாங்க. நான் முன்னாடி சொன்ன அந்தக் கலைஞ்ச நிலை. அதாவது சுர்க்கிதான், வேற சட்டை போட்டு வந்திருக்கு.

அப்ப பீங்கான் கழிவுக்கு சிமெண்ட்ல இடமே இல்லையா? இருக்கு, ஆனா கழிவு பெருசா ஒரே இடத்துல விழற ஊர்ல. குஜராத்ல மோர்பி. நாட்டோட டைல்ஸ்ல பெரும்பகுதி அந்த ஒரு ஊர்லேருந்துதான் வருது. விட்ரிஃபைட் டைல்ஸைப் பளபளன்னு பாலிஷ் போடும்போது அங்க சேறு மாதிரி ஒரு கழிவு வரும். அது ஏற்கெனவே நைஸ். அரைக்கிற செலவு மிச்சம். அதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு. பாலிஷ் கல்லோட துகளும் சேர்ந்து வரும், சில பாலிஷ் கல்லை இறுக்குற கலவையில குளோரைடு இருக்கு. குளோரைடு கம்பிக்கு எமன். சோதிச்சுப் பாக்காம கம்பி போட்ட கான்கிரீட்ல கலக்கக் கூடாது.

அதே மாதிரி, இதைக் கேட்டுட்டு யாரும் வீட்டு வேலையில டைல்ஸ் பொடியைக் கலக்கச் சொல்லாதீங்க. நீங்க வாங்கின பிபிசி மூட்டையில ஏற்கெனவே மூணுல ஒரு பங்கு வரைக்கும் சாம்பல் இருக்கலாம். அதுக்கு மேல 20 சதவீதம் டைல்ஸ்னா, நிஜ கிளிங்கர் பாதிக்கு வந்துரும். வீட்டு இடிபாட்டு டைல்ஸ்ல பழைய காரை, பசை, ஜிப்சம் எல்லாம் ஒட்டியிருக்கும். இது ஆலையில, சோதனையோட நடக்க வேண்டிய வேலை. சைட்ல நடக்க வேண்டியது இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரெண்ட் கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். சும்மா காலேஜுக்குள்ள ஒரு எட்டு போனேன். லேப் வாசல்ல குரோட்டன்ஸ் பாத்தியைச் சுத்தி கான்கிரீட் க்யூப் வரிசையா பதிச்சிருந்தாங்க. குனிஞ்சு பாத்தா, ஆணியால கீறின எழுத்து: "20-3". என் கையெழுத்து. ஈரமா இருக்கும்போது நானே கீறினது. லேப் அண்ணன் அதே ஆள்தான் இருந்தார்.

"தொட்டியில எத்தன நாள்ணே கிடந்துச்சு?"

"அது கிடந்துச்சு தம்பி, ஆறேழு மாசம். அடுத்த பேட்சுக்குத் தொட்டி வேணும்னு எடுத்து இங்க வெச்சுட்டேன்."

"ஒண்ணையாவது உடைச்சுப் பாத்திருக்கலாமேண்ணே."

"யாரும் கேக்கலியே தம்பி."

அந்த 23 மூட்டைக்கு வரேன். மேஸ்திரியும் நானும் உக்காந்து பிரிச்சோம். காரை ஒட்டாம சுத்தமா பேர்ந்த வெள்ளை டைல்ஸ் துண்டு ஆறு மூட்டை தேறிச்சு. அதை மொட்டை மாடியில, எப்பவும் அனல் அடிக்கிற என் ரூமுக்கு மேல, வெள்ளைப் பக்கம் மேல இருக்கிற மாதிரி பதிச்சார். வெயிலைத் திருப்பி அனுப்பும். இதை அவர் பல வருஷமா பண்ணிக்கிட்டிருக்காராம், ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் படிக்காம. மிச்சம் 17 மூட்டை மாநகராட்சிக்குத் தகவல் குடுத்து, கட்டட இடிபாட்டுக் கழிவா அனுப்பினோம். சென்னையில இதைப் பதப்படுத்த கொடுங்கையூர்லயும் பெருங்குடியிலயும் ஆலை இருக்கு. ஏரிக்கரைக்கு ஒரு மூட்டையும் போகல. சிமெண்டுக்குள்ளயும் ஒரு கிராம் போகல.

ஃபைனல் இயர் சிவில் பசங்க, பொண்ணுங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா ஒரு வேண்டுகோள். க்யூபை செமஸ்டர் ஆரம்பத்துலயே வாருங்க. 90 நாளுக்குன்னு தனியா மூணு க்யூப் வைங்க. ரிசல்ட் கம்மியா வந்தா கம்மின்னே எழுதுங்க. எழுதினதை எனக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல உங்க எண்ணை அப்படியே வாசிக்கிறேன்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு மாடியில நின்னுக்கிட்டு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். "அண்ணே, அன்னைக்குக் கேட்டீங்களே. எத்தன நாள் கழிச்சு உடைச்சீங்கன்னு. ஏழு நாள்தாண்ணே. அதுக்கு மேல உடைக்கவே இல்ல."

அவர் கரணையைக் கழுவிக்கிட்டே சிரிச்சார். "அதான் அன்னைக்கு போன் வந்துருச்சா? சரி தம்பி, டீ சொல்லுங்க. சக்கரை கம்மியா."

அடுத்த எபிசோடுல பாப்போம் மக்களே.